நகல் இருக்கிறது என்று நம்பியிருந்தோம்

கல்லாவை எண்ணாமல் இரவில் கடையடைக்கும் வணிகர் நம்மில் எவரும் இல்லை. ஆனால் கணினியில் ஏற்றிய கணக்குக்கு எடுத்து வைத்த நகலை என்றைக்காவது திறந்து பார்த்திருக்கிறோமா?

நாம் பார்த்ததில்லை. நமக்குப் பருப்பு மொத்த வியாபாரம். 2022 நவம்பரில் ஒரு காலை கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கணக்குப்பிள்ளை தினமும் மாலையில் பென் டிரைவில் நகல் எடுத்து பீரோவில் வைப்பவர். அந்தத் தைரியத்தில் திறந்தால், கணக்கு மார்ச் 31-ஓடு நின்றது. ஏப்ரலில் புதிய ஆண்டுக்குப் புதுக் கணக்கு துவக்கியவர், நகலுக்கு மட்டும் பழைய கணக்கையே தேர்வு செய்து வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு நாளும் நாம் கேட்கவில்லையே!

ஜி.எஸ்.டி. தளத்தில், பதிவு எண் உள்ள கடைகளுக்குப் போட்ட பில்கள் தனித்தனியே கிடைத்தன. பதிவில்லாத சிறு கடைகளின் விற்பனை மொத்தத் தொகையாகத்தான் இருந்தது. வங்கியில் காசோலை வரவு தெரிந்தது, ரொக்க வரவு தெரியவில்லை. யார் எவ்வளவு பாக்கி என்பதற்குக் கையில் ஆதாரமில்லை. கடை கடையாக ஏறி இறங்கினோம். பெரும்பாலோர் பற்று நோட்டை விரித்துக் காட்டி ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?" என்றார். நமக்குப் பதில் வரவில்லை.

ஜி.எஸ்.டி. விதி 57-ம் இதைத்தான் கேட்கிறது: விபத்தாலோ இயற்கையாலோ கணக்கு அழிந்தால், நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் இருக்க வேண்டும். ஆண்டறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்கும் பொறுப்பும் நம்முடையதே.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று மகன் வீட்டுக் கணினியில் நகலை ஏற்றிப் பார்க்கிறோம். கடைக் கணினியில் ஏற்றக் கூடாது. நல்ல கணக்கின் மேல் பழையது விழுந்துவிடும். கடைசி பில் எண், ரொக்க இருப்பு, மொத்த பாக்கி மூன்றையும் சனிக்கிழமை இரவு காகிதத்தில் குறித்து எடுத்துப் போய் ஒப்பிடுவோம். முதல் தடவை திறக்கவே இல்லை. கடவுச்சொல் கணக்குப்பிள்ளைக்கு மட்டுமே தெரியும், அவரோ ஊரில் இல்லை. அடுத்த மாதம் மகன் கணினியில் மென்பொருள் பழைய பதிப்பு. மூன்றாம் மாதம்தான் கணக்கு விரிந்தது. இரண்டு பென் டிரைவ் வைத்துக்கொண்டு, ஒன்றை வீட்டில் வைக்கிறோம். வெள்ளமோ தீயோ வந்தால் கடை பீரோவில் இருப்பதும் சேர்ந்துதானே போகும்?

போன மாதம் ஒப்பிட்டபோது பில் எண்ணில் நாற்பது குறைந்தது. கோயில் கொடைக்குக் கணக்குப்பிள்ளை விடுப்பில் போன நாள், நகல் எடுக்க ஆளில்லை. கடைப் பையனுக்கும் இப்போது கற்றுக் கொடுத்திருக்கிறோம்.