‘தவறி விழுந்தார்’ என்று எழுதுவது யார்?

தோழர்களே,

குப்பை லாரியின் பின்படியிலிருந்து ஒரு தூய்மைப் பணியாளர் விழுந்தால், பதிவேட்டிலும் செய்தித்தாளிலும் ‘தவறி விழுந்தார்’ என்றே எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே தவறு இருக்கிறது. அதுவும் விழுந்தவர் தலையில் இருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

வழுக்குவது எப்படி? ஈரக்குப்பை அழுகிச் சாறு வடிகிறது. அதில் எண்ணெயும் கொழுப்பும் கலந்திருக்கும். சாறு பட்ட இரும்புப்படியில் தேய்ந்த செருப்புக்குப் பிடிமானம் கிடையாது. கொடுங்கையூர், பெருங்குடி போன்ற கிடங்குகளில் காலடியில் இருப்பது தரையல்ல, பாலித்தீன் கலந்த சரிவு. கூடையோடு விழுபவரால் கையூன்றவும் முடியாது. இடுப்பும் முதுகும் அடி வாங்கும்.

சொரசொரப்பான படி, காலுக்குப் பொருந்தும் பூட்ஸ், இருட்டு வேலைக்கு வெளிச்சம், வேலைக்கேற்ற ஆள் எண்ணிக்கை, பின்படியில் நின்று போகத் தடை: இவ்வளவு செய்தாலே பெரும்பாலான விழுதல்களைத் தடுக்கலாம். எல்லாம் செலவுக் கணக்கு. அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத் துணிவு தருவது, இந்த வேலையில் யார் இருக்கிறார்கள் என்ற சாதிக் கணக்கு.

சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவருக்கு அது பொருந்தாது. அவருக்கு இருப்பது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த நெறி. வேலையால், வேலையின்போது ஏற்படும் காயத்துக்கு முதலாளியே பொறுப்பு. கவனக்குறைவு என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு, வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்நெறி தொடர்கிறது. ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு, வேலைக்கு வரமுடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் அங்கிருந்து வரவேண்டும். அந்தச் சட்டத்துக்கு அடித்தளமான அடார்கர் அறிக்கை 1944இல் வந்தபோது, தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர்.

சட்டம் இருந்தும் கிடைக்காமல் போவது முதல் மணி நேரத்தில்தான். “வீட்டுல விழுந்துட்டேன்னு சொல்லு, செலவ நாங்க பாத்துக்குறோம்” என்பார் மேஸ்திரி. அப்படிச் சொன்னால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். எந்த இடம், எந்த நேரம், என்ன வேலை என்பதை மருத்துவரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும், ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்க வேண்டும். உடன் இருந்தவர்களின் பெயரைக் குறிக்க வேண்டும். முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டாண்டுக்குள் மனு போட வேண்டும்.

வலியில் கிடப்பவரால் இதையெல்லாம் தனியே செய்ய முடியாது. மாணவத் தோழர்களே, பேனாவோடு பக்கத்தில் நிற்க நம்மில் ஒருவர் வேண்டும். ‘தவறி’ என்று எழுதப்படும் இடத்தில், படி வழுக்கியது என்று எழுத வைக்க வேண்டும்.