'ராத்திரியே கிளம்பிடலாம்!' - இந்த ஒரு முடிவை மட்டும் எடுக்காதீங்க!

நாலு நாள் லீவு வருகிறது என்றதும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் முதல் மெசேஜ் இதுதான்: 'ராத்திரியே கிளம்பிட்டா விடியும்போது அங்க இருக்கலாம்!'

நாங்களும் அப்படித்தான் ஒருமுறை சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கிளம்பினோம். அதிகாலை மூன்றரை மணி. கார் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கி, ரோட்டைவிட்டு மண்ணில் இறங்கியது. பின் சீட்டில் தூங்காமல் இருந்த அம்மா, "மாப்ள!" என்று கத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால், வண்டியை ஓட்டிய அக்கா வீட்டுக்காரர் பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். இரவு பத்து மணிக்குமேல் வண்டி ஓடக்கூடாது. அடுத்தமுறை ரயிலில் மதுரை வரை போய், இரவு தங்கி, காலையில் வாடகைக் காரில் கிளம்பினோம். அந்த இரண்டு நாள் திட்டம் இதோ...

முதல் நாள்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ. காலை 6 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பாதித் தூரம் தாண்டிவிடலாம். கடம் செய்வதற்குப் பேர்போன மானாமதுரையைத் தாண்டி, பரமக்குடியில் டிபன். பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள். கால் மரத்துப்போகாது, வாந்தி தொல்லையும் குறையும்.

மண்டபம் தாண்டியதும் பாம்பன் பாலம். 1988-ல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தில் போகும்போதே, 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தைப் பார்க்கலாம். கப்பலுக்கு வழிவிட, புதிய பாலத்தின் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட்போல மேலே எழும்பும். செல்ஃபிக்காகப் பாலத்தின் நடுவில் காரை நிறுத்தாதீர்கள். பின்னால் பஸ் வரும்!

மதியம் ரூமில் ஓய்வு. கோயில் நடையும் அப்போது சாத்தியிருக்கும். 3 மணிக்கு தனுஷ்கோடி கிளம்புங்கள். பெட்ரோல், தண்ணீர், தொப்பி எல்லாம் ராமேஸ்வரத்திலேயே தயாராகட்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. இடிந்த சர்ச்சின் முன்னால் நின்று, பயணிகளோடு ரயிலையே கடல் கொண்டுபோன கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தைவிட நன்றாக மனதில் நிற்கும். அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ரோடு இருக்கிறது. அங்கே நீரோட்டம் பலமானது, கடலில் இறங்க வேண்டாம். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

இரண்டாம் நாள்

விடியற்காலையில் அக்னி தீர்த்தம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஈர உடையோடு சந்நிதிக்குள் போக முடியாது என்பதால், மாற்று உடை கட்டாயம். பிராகாரம் எங்கும் தண்ணீர் வழுக்கும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் கூடவே ஒருவர் கையைப் பிடித்து நடக்க வேண்டும்.

திரும்பும் வழியில் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். நேரமிருந்தால், மதுரைக்குச் சற்று முன்னால் கீழடி அருங்காட்சியகம். குழந்தைகள் களைத்திருந்தால் ஒன்றை விட்டுவிடுங்கள். எதுவும் ஓடிப்போகாது.

கிளம்பும் முன்...

* ஸ்டெப்னி உட்பட எல்லா டயர்களிலும் காற்று
* பெரியவர்களின் மாத்திரை டிக்கியில் அல்ல, கைப்பையில்
* நல்ல டாய்லெட் வசதியுள்ள ஹோட்டல்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் தண்ணீர் குடிக்காமல் தவிப்பதற்கு இதுதான் காரணம்
* ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும்

அந்தமுறை அரிச்சல்முனையில் அம்மா அரைமணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'அடுத்து எங்கே?' என்று யாரும் அவசரப்படுத்தவில்லை. மதுரைக்குத் திரும்பும்போது, பின் சீட்டில் நிம்மதியாகத் தூங்கியவரும் அவர்தான்!