பூமியின் நாடி

கையைப் பிடித்து நாடி பார்த்தே தேகத்தினுள் இருக்கும் கோளாற்றைச் சொல்லிவிடும் வைத்தியர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், சூரிய வெளிச்சம் எட்டாத இருளில் கிடக்கும் பாறைகளுக்கு நாடி பார்ப்பது எப்படி? பிரெஞ்சுச் சகோதரர்கள் இருவர் அதற்கும் ஒரு வழி கண்டார்கள்.

மூத்தவர் கான்ராட் ஷ்லும்பெர்ஜே, பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் பௌதிக ஆசிரியர். இளையவர் மார்ஸெல், கைதேர்ந்த எஞ்சினீயர். பூமிக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது பாறைக்குப் பாறை வெவ்வேறு விதமாகப் பரவும். அந்த வித்தியாசத்தை அளந்தால் உள்ளிருப்பதை ஊகிக்கலாம் என்பது கான்ராடின் எண்ணம். 1912-ம் வருஷத்தில் நார்மண்டியிலுள்ள குடும்பத் தோட்டத்தில் இதைப் பரீட்சித்தார். பிறகு மகாயுத்தம் குறுக்கிட்டது.

யுத்தம் முடிந்து 1919-ல் அவர்களுடைய தந்தை பால் ஷ்லும்பெர்ஜே ஐந்து லட்சம் பிராங்க் கொடுக்க முன்வந்தார். அதற்கு அவர் விதித்த நிபந்தனை நம் நாட்டுச் செல்வந்தர்கள் கவனிக்கத் தக்கது: லாபத்தைவிட விஞ்ஞான ஆராய்ச்சியே முதன்மையாக இருக்கவேண்டும் என்றார் அந்தப் பெரியவர்.

அல்ஸாஸ் மாகாணம் அச்சகோதரர்களின் ஜன்மபூமி. 1871 முதல் ஜெர்மனியின் வசமிருந்து, யுத்தத்திற்குப் பின் பிரான்ஸுடன் மீண்டும் சேர்ந்த பூமி அது. அங்கே பெஷெல்பிரான் என்னுமிடத்தில் எண்ணெய்க்காகத் துளையிட்டு வந்தார்கள். துளையிடும்போது பாறை நொறுங்கிச் சேற்றோடு கலந்துவிடும். எந்த ஆழத்தில் எந்த அடுக்கு என்று அறிவது கடினம். பாறையை உருளை உருளையாக வெட்டி மேலே கொண்டுவரலாம். ஆனால் அதற்குக் காலமும் பணமும் அதிகம்.

1927-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ம் தேதி, கான்ராடின் மருமகன் ஹென்ரி டால் இரண்டு துணைவர்களுடன் ஒரு கருவியைத் துளைக்குள் இறக்கினார். பேக்லைட் குழாயின்மேல் உலோகக் கம்பி சுற்றிய முனைகள். அவற்றிலிருந்து மேலே வரும் மின்கம்பிகள். அவ்வளவுதான் அந்தக் கருவி! ஒரு முனை வழியாக மின்சாரம் பாறைக்குள் பாயும். மற்ற இரு முனைகளுக்கிடையே எவ்வளவு மின்னழுத்த வேறுபாடு என்று மேலேயிருந்து அளப்பார்கள். அதிலிருந்து பாறையின் மின்தடை கணக்காகும். ஒரு மீட்டர் தூரம் நகர்த்துவது, நிறுத்துவது, அளப்பது, குறிப்பது. பிறகு மறுபடியும் ஒரு மீட்டர். இப்படிப் பொறுமையாகச் சேர்த்த புள்ளிகளை இணைத்தபோது காகிதத்தில் ஒரு வளைகோடு உருவாயிற்று. உலகத்தில் துளைக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட முதல் மின்தடைப் படம் அதுவே.

இதன் சூட்சுமம் யாது? மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் தாமாக மின்சாரத்தைக் கடத்தமாட்டா. அவற்றின் நுண்துளைகளில் உப்பு நீர் நிறைந்திருந்தால் மின்சாரம் எளிதாகச் செல்லும். எண்ணெய் நிறைந்திருந்தால் தடைப்படும். களிமண்ணோ நன்றாகவே கடத்தும். ஆனால் ஒன்று: துளையே இல்லாத கெட்டிப் பாறையும், நல்ல தண்ணீர் தங்கிய பாறையும்கூடத் தடையை உயர்த்திக் காட்டும். நாடியை மாத்திரம் பார்த்து மருந்து கொடுக்கும் வைத்தியன் ஏமாறுவதுபோல், இந்த ஒரு கோட்டை மட்டும் நம்பினாலும் ஏமாற்றம் நேரும். ஆகவே பின்னால் வேறு அளவைகளும் சேர்ந்தன. 1942-ல் ஆர்ச்சி என்ற அமெரிக்க நிபுணர், மின்தடையிலிருந்து பாறையில் எவ்வளவு நீர், எவ்வளவு எண்ணெய் என்று கணிக்கும் சூத்திரத்தை வெளியிட்டார்.

நம் கிராமங்களில் ஆழ்துளைக் கிணறு போடுமுன், தரையில் நான்கு கம்பிகளை ஊன்றி மின்தடை பார்ப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். அக்கம்பிகளை நிறுத்தும் முறைகளில் ஒன்றுக்கு ஷ்லும்பெர்ஜேயின் பெயரே வழங்குகிறது. அங்கே தேடுவது எண்ணெயை அல்ல. பாறை வெடிப்பில் ஒளிந்திருக்கும் தண்ணீரை. அவ்வெடிப்பு, சுற்றியுள்ள கருங்கல்லைவிடக் குறைந்த தடையைக் காட்டும்.

கடன் வாங்கிக் கிணறு தோண்டி, புழுதியை மட்டும் கண்ட குடியானவனுக்குத்தான் இந்த வித்தையின் அருமை தெரியும். தோண்டுவதற்கு முன் அளந்து பார். அளந்ததையும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்துப் பார். பெஷெல்பிரானில் ஒவ்வொரு மீட்டராக நின்று குறித்தவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுதான்.