சவேரியாரும் சவிரிமுத்துவும்

சில நாட்களுக்கு முன் வகுப்பில் வரவு இடாப்பை வாசித்தபோது, ஒரு மாணவனின் தந்தை பெயரைச் 'சவரிமுத்து' என்று வாசித்தேன். பையன் எழுந்து, "சேர், எங்கட வீட்டில சவிரிமுத்து எண்டுதான் சொல்லுறது" என்றான். இடாப்பில் 'சவரிமுத்து' என்றே இருந்தது. எழுத்து என் பக்கம். வழக்கு அவன் பக்கம். எது சரி? இன்று அப்பெயரைப் பற்றியே நோக்குவோம்.

மன்னார்த் தீவிலும், வங்காலை முதலான பெருநிலக் கரையூர்களிலும் சவேரி, சவிரியான், சவிரிமுத்து, சவிரியம்மா என்ற பெயர்கள் முந்திய தலைமுறைகளில் மிகப் பரவலாக வழங்கின. இவற்றின் மூலம் புனித பிரான்சிஸ் சவேரியார். 1506 இல் ஸ்பெயினின் நவார் நாட்டிலே பிறந்த இவர், 1542 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றினார். மன்னார் மக்கள் அழைத்தபோது தாம் வர இயலாமல் வேறொரு குருவை அனுப்பினார். ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஏறத்தாழ 600 பேர் 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர் என்பது வரலாறு. ஆகவே இக்கரையில் இப்பெயர் வெறும் பக்திப் பெயரன்று; நினைவுப் பெயருமாகும்.

இனி உச்சரிப்புக்கு வருவோம். போர்த்துக்கேயர் இப்பெயரை 'ஷவியேர்' என்பதுபோல ஒலித்தனர். ஷகரம் தமிழுக்கு உரியதன்று. அதன் இடத்தைச் சகரம் ஏற்றது. அகரத்தோடு சேர்ந்த சகரம் மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியர் விதி. ஆனால் சட்டி, சக்கரம் முதலிய சொற்கள் பெருகியபின் நன்னூலார் அதனை ஏற்றுக்கொண்டார். நன்னூலார் திறந்துவிட்ட அந்தக் கதவு வழியேதான் சவேரியாரும் தமிழுக்குள் வந்தார்!

சொல்லின் இறுதியோ இன்னும் சுவையானது. 'யேர்' என்ற அந்நிய ஒலி, ஔவையார் என்பதிலுள்ள 'யார்' போலத் தமிழ்ச் செவிக்குக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பெயரின் ஓர் உறுப்பு மரியாதை விகுதியாயிற்று. அந்தோனி அந்தோனியார் ஆனதற்கும் இதற்கும் பொருத்தம் உண்டு. தொட்டிலில் கிடக்கும் குழந்தையை 'யார்' போட்டு அழைப்பாருண்டோ? விகுதி நீங்கிச் 'சவேரி' நின்றது. அதனோடு 'முத்து' சேர்ந்ததும் சொல் நீண்டது. நடுவிலிருந்த 'வே' குறுகி 'வி' ஆயிற்று. பாக்குநீரிணைக்கு அப்பால் அது மேலும் தேய்ந்து 'சவரி' ஆயிற்று. முத்து என்னும் பின்னொட்டோ சைவருக்கும் பொது. மாரிமுத்துவும் சவிரிமுத்துவும் ஒரே இலக்கணத்தின் பிள்ளைகள்.

ஆகவே இவ்வடிவங்களில் எதுவும் பிழையன்று. ஆலயத்திலே சவேரியார், வீட்டிலே சவிரி, ஆங்கிலம் வழியாக வந்த புதுப்பாணியிலே சேவியர். ஒரே மனிதரின் பெயர் மூன்று வாசல்களால் வந்திருக்கிறது.

ஆனால் பதிவேடுகளுக்கு இந்த இலக்கணம் தெரியாது. போர்க்காலத்திலே கடல் கடந்து இராமேஸ்வரம், மண்டபம் சென்றவர்கள் பலர். அங்கே பிறந்த பிள்ளையின் பத்திரத்தில் தகப்பன் பெயர் 'சவரிமுத்து'; இங்கே தகப்பனின் அடையாள அட்டையில் 'சவிரிமுத்து'; காணி உறுதியிலோ 'சவேரிமுத்து'. மூவரும் ஒருவரே என்று நிறுவ, ஏழைக் கடற்றொழிலாளி ஒருவர் சத்தியக் கடதாசி முடிக்க அலைய வேண்டியுள்ளது. ஓர் உயிரெழுத்து ஒருநாள் உழைப்பைத் தின்றுவிடுகிறது.

மற்றொன்றும் நிகழ்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு இப்பெயரை இடுவோர் அருகிவிட்டனர். தகப்பன் பெயராக, முதலெழுத்தாகச் சுருங்கி, அது 'ச.' என்ற ஒரு புள்ளிக்குள் ஒடுங்குகிறது. என் மாணவன் எழுந்து திருத்தியது ஓர் எழுத்தையல்ல; பாட்டி தன் மகனைக் கூப்பிட்ட குரலை.

'சவியேர்' என்பது பாஸ்க் மொழியில் 'புதிய வீடு' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததென்பர். நம் கரையிலே அது பழைய வீடாகிவிட்டது. ஆசிரியர்களும் பதிவாளர்களும் எழுதுமுன் ஒரு தடவை, "உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால் போதும். அன்று மாலையே அந்த இடாப்பில் 'வ' வுக்கு மேல் ஒரு விசிறியிட்டேன்.