பெயில் அவுட்: காப்பாத்துறது யாரை, காசு யாரோடது?

"மச்சான், இந்த ஒரு தடவை மட்டும் என்னை பெயில் அவுட் பண்ணிடு டா."

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆயிடுச்சுன்னா, இப்படி ஒரு மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கலாம். இதே வார்த்தை பிசினஸ் நியூஸ்லயும் அடிக்கடி வருது. ஏதோ ஒரு பேங்க்கை பெயில் அவுட் பண்ணாங்க, ஒரு நாட்டையே பெயில் அவுட் பண்ணாங்கன்னு படிக்கிறோம். வார்த்தை ஒண்ணுதான், ஆனா அதுக்குள்ள நாலு அர்த்தம் இருக்கு. அந்த நாலும் புரிஞ்சா நியூஸும் புரியும், நண்பனுக்கு என்ன பதில் சொல்றதுன்னும் தெரியும்.

ஒரு வார்த்தை, நாலு அர்த்தம்

1. படகுத் தண்ணியை இறைக்கிறது. படகுக்குள்ள தண்ணி புகுந்தா வாளியால மொண்டு வெளியே ஊத்தணும். அதுக்குப் பேரு பெயில் அவுட். பழைய பிரெஞ்சு மொழியில 'பாய்' என்ற சொல்லுக்கு வாளின்னு அர்த்தம், அதிலிருந்து வந்தது இது.

2. ஜாமீன்ல எடுக்கிறது. கைதானவரை ஜாமீன் கட்டி வெளியே கொண்டு வர்றது. 'ஹி பெயில்ட் ஹிம் அவுட்'னு சொல்வாங்க. நம்ம ஊர்ல ஒரு சுவாரசியம் இருக்கு: கோர்ட்ல நிற்கிறவருக்கும் 'ஜாமீன்'தான், லோன் வாங்குறவருக்குக் கையெழுத்து போடறதும் 'ஜாமீன்'தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழே வருவோம்.

3. விமானத்திலிருந்து குதிக்கிறது. விமானம் இனி தேறாதுன்னு தெரிஞ்சதும் பைலட் பாராசூட்டோட வெளியே குதிக்கிறார். இங்கே வேற யாரையும் காப்பாத்தல, நாமே தப்பிக்கிறோம்.

4. பணச் சிக்கல்ல இருந்து மீட்கிறது. நியூஸ்ல வர்றது இதுதான். கம்பெனியோ, பேங்க்கோ, நாடோ மூழ்கும்போது வெளியிலிருந்து ஒருத்தர் பணம் கொண்டு வந்து நிறுத்துறது.

நாலாவது அர்த்தத்தைக் கேட்டா "அப்பாடா, காப்பாத்திட்டாங்க"ன்னு தோணும். ஆனா எந்த பெயில் அவுட்டா இருந்தாலும் ரெண்டு கேள்வி கேட்கணும். காப்பாத்தப்பட்டது யாரு? வாளி பிடிச்சது யாரு?

2008-ல நடந்தது

2008 செப்டம்பர் 15-ம் தேதி அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் திவால் மனு போட்டது. அதைக் காப்பாத்த அரசு வரலை. அடுத்த நாளே ஏஐஜி என்ற இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு 85 பில்லியன் டாலர் கடன் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் மாசம் 700 பில்லியன் டாலர் வரைக்கும் செலவு பண்ண அனுமதிக்கிற மீட்புச் சட்டம் வந்தது.

அந்தப் பணம் யாரோடது? வரி கட்டுற சாதாரண மக்களோடது. பிற்பாடு பெரும்பகுதி திரும்பி வந்தது உண்மை. ஆனா அன்னைக்கு ரிஸ்க் எடுத்தது அவங்கதான். லாபம் வந்தப்போ அது கம்பெனிக்கு, நஷ்டம் வந்தப்போ அது ஊருக்கான்னு மக்கள் கோபப்பட்டது இதனாலதான்.

நம்ம கரூர்ல நடந்தது

ரொம்ப தூரம் போக வேண்டாம். 1926-ல கரூர்ல தொடங்கின லட்சுமி விலாஸ் பேங்க்கை எடுத்துக்கோங்க. வாராக்கடன் ஏறி, மூலதனம் கரைஞ்சு, 2020 நவம்பர் 17-ம் தேதி அதுக்குத் தடை வந்தது. ஒரு டெபாசிட்தாரர் 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாது. பத்தே நாள்ல, நவம்பர் 27 அன்னைக்கு, டிபிஎஸ் பேங்க் இந்தியாவோட இணைக்கப்பட்டது. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் மூலதனம் கொண்டு வந்தது.

டெபாசிட் போட்டவங்க பணம் முழுசா பத்திரமா இருந்தது. அதே பேங்க்கோட ஷேர் வச்சிருந்தவங்களுக்கு? பூஜ்யம். ஷேர் மூலதனம் மொத்தமா தள்ளுபடி ஆயிடுச்சு. அந்த பேங்க் வெளியிட்ட 318 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரு வகை பாண்டுகளும் தள்ளுபடி ஆச்சு.

"பேங்க்கைக் காப்பாத்திட்டாங்க"ன்னு ஒரே வரியில சொன்னாலும், ஒருத்தர் தப்பிச்சார், இன்னொருத்தர் மூழ்கினார். "எப்படியும் காப்பாத்திடுவாங்க"ன்னு நம்பி விலை குறைஞ்ச பேங்க் ஷேரை வாங்குறவங்க இதை மறக்கக் கூடாது. மீட்கப்படுறது பேங்க்கும் டெபாசிட்டும்தான், உங்க ஷேர் இல்லை.

பெயில் அவுட் தெரியும், பெயில் இன் தெரியுமா?

வெளியிலிருந்து பணம் வந்தா பெயில் அவுட். உள்ளே இருக்கிறவங்க பணத்தையே எடுத்து ஓட்டையை அடைச்சா பெயில் இன். 2013-ல சைப்ரஸ் நாட்டில் இது நடந்தது. பேங்க் ஆஃப் சைப்ரஸ்ல 1 லட்சம் யூரோவுக்கு மேல டெபாசிட் வச்சிருந்தவங்களோட கூடுதல் தொகையில் 47.5 சதவீதம் பேங்க் ஷேரா மாத்தப்பட்டது. இந்தியாவில் 2017-ல வந்த ஒரு மசோதாவில் பெயில் இன் பிரிவு இருந்தது. கடும் எதிர்ப்பு வந்து, 2018-ல அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது.

இங்க உங்களுக்கு இருக்கிற பாதுகாப்பு டெபாசிட் இன்சூரன்ஸ். ஒருத்தருக்கு, ஒரு பேங்க்கில், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை. 2020 பிப்ரவரிக்கு முன்னாடி இது வெறும் 1 லட்சம். ஒரே பேங்க்கோட நாலு கிளையில் நாலு அக்கவுண்ட் வச்சிருந்தாலும் எல்லாம் சேர்த்து ஒரே 5 லட்சம்தான். அதனால பெரிய தொகையை ரெண்டு மூணு பேங்க்ல பிரிச்சு வைங்க.

இப்போ நண்பனோட மெசேஜுக்கு வருவோம்

அவருக்கு கிரெடிட் கார்டுல 2 லட்சம் பாக்கி, மாசம் 3.5 சதவீத வட்டின்னு வச்சுக்கோங்க. வட்டி மட்டும் மாசம் 7,000 ரூபாய். அது மேல 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா 8,260. நீங்க 50,000 கொடுத்து உதவுறீங்க. பாக்கி 1.5 லட்சம் ஆகுது. ஆனாலும் வட்டியும் வரியுமா அடுத்த மாசம் 6,000 ரூபாய்க்கு மேல ஏறும். அவர் கார்டைத் தேய்க்கிறதையும் நிறுத்தலைன்னா, ஓட்டைப் படகுல தண்ணி இறைக்கிற கதைதான்.

இதைவிட ஆபத்தானது இன்னொண்ணு: "காசெல்லாம் வேண்டாம், ஒரு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு." காசு போகலையேன்னு இது லேசா தெரியும். ஆனா 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு என்ன சொல்லுது? ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதப்படாத வரை, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ அதே அளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் கட்டலைன்னா, முதல்ல அவர் மேல கேஸ் போட்டு முடிச்சிட்டுத்தான் உங்க கிட்ட வரணும்னு பேங்க்குக்குக் கட்டாயம் இல்லை. அந்தக் கடன் உங்க கிரெடிட் ரிப்போர்ட்லயும் வரும். நாளைக்கு நீங்க வீட்டு லோன் கேட்கும்போது அதுவும் கணக்குல வரலாம்.

சரி சொல்றதுக்கு முன்னாடி

- ஓட்டை அடைச்சாச்சா? வேலை போனது, ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி ஒரு தடவை வந்த பிரச்சனையா, இல்ல மாசா மாசம் வர்றதா? ரெண்டாவதுன்னா, முதல்ல கார்டை நிறுத்தி, பாக்கியை இஎம்ஐயா மாத்தச் சொல்லுங்க. அவர் கூட உட்கார்ந்து கணக்கு போட்டுக் கொடுக்கிறதும் உதவிதான்.
- வாளி யாரோடது? உங்க சேமிப்பிலிருந்து கொடுக்கிறது வேற. அவருக்காக உங்க பேர்ல பர்சனல் லோன் எடுக்கிறது வேற. ரெண்டாவதைச் செய்யவே செய்யாதீங்க. அவருக்கு மனசு மாறினாலும் இஎம்ஐ உங்க அக்கவுண்ட்லதான் போகும்.
- திரும்பி வரலைன்னா? வராமப் போனாலும் உங்க வாடகையும் உறவும் கெடாத தொகை எது? அவ்வளவு மட்டும் கொடுங்க.
- கையெழுத்து போட்டே ஆகணுமா? அண்ணன், தம்பி, அக்கான்னு மறுக்க முடியாத இடம் வரும். அப்போ உங்க பொறுப்புக்கு ஒரு தொகை வரம்பை ஒப்பந்தத்திலேயே எழுத முடியுமான்னு பேங்க்கில் கேளுங்க. பத்திரத்தோட காப்பியை வாங்கி வைங்க. இஎம்ஐ ஒழுங்கா போகுதான்னு மாசா மாசம் பாருங்க.

மறுக்கணும்னா நேரா சொல்லுங்க: "இவ்வளவுதான் டா என்னால முடியும், கையெழுத்து மட்டும் போட மாட்டேன்." ரெண்டு நாள் மனசு கஷ்டப்படும். ஆனா நாலு வருஷம் பேச்சுவார்த்தையே இல்லாம போறதைவிட அது மேல்.

உங்க பாராசூட் எங்கே?

மூணாவது அர்த்தத்தை மறந்துடாதீங்க. பாராசூட்டை விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே மடிச்சு வைக்கணும், விழும்போது தேட முடியாது. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி, ஆபீஸ் இன்சூரன்ஸ் தவிர சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி. இந்த ரெண்டும் இருந்தா, நாளைக்கு வேலை போனாலும் யாருக்கும் "என்னை பெயில் அவுட் பண்ணு"ன்னு மெசேஜ் அனுப்ப வேண்டிய நிலை உங்களுக்கு வராது. பேங்க் மூழ்கினா ரிசர்வ் பேங்க் வரும். நம்ம சம்பளம் நின்னா வர்றது நாம சேர்த்து வச்சதுதான்.

இதுவரைக்கும் யாருக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கீங்களா? இந்த வாரம் உங்க கிரெடிட் ரிப்போர்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம்தான். அதில் உங்களுக்கே மறந்துபோன கடன் ஏதாவது இருந்தா, கமெண்ட்ல சொல்லுங்க.