பயிற்சிக்கு வந்த தம்பி விடைபெறும்போது



கல்லூரியில் பி.காம். படிக்கும் பிள்ளைகள் பயிற்சிக்காக நமது கடைகளுக்கும் மண்டிகளுக்கும் வருவது இப்போது வழக்கமாகி விட்டது. வருபவர்களில் சூட்டிகையான பிள்ளையைக் கண்டால், "இங்கேயே இருந்து விடப்பா" என்று சொல்ல நமக்கு ஆசை வருகிறது. எல்லாப் பிள்ளைகளும் அதற்குச் சம்மதிப்பதில்லை. மறுப்பதை எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதை எப்படிக் கேட்டுக் கொள்வது என்று நமக்கும் தெரியவில்லை. இது பற்றி நமது அனுபவத்தைக் கூற விரும்புகிறோம்.

சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நமது பருப்பு மண்டியில் ஒரு தம்பி ஆறு மாதம் பயிற்சியில் இருந்தார். சிட்டை எழுதுவதிலும் பாக்கி வசூலிலும் கெட்டிக்காரர். "இனி நீ இங்கேதான்" என்று நாமே முடிவு செய்து அவரிடம் சொல்லி விட்டோம். அவர் தலையை ஆட்டினார். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. பிறகு பக்கத்து ஊரில் வேறொரு கடையில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டோம்.

கோபத்தில் அவருடைய கடைசி மாதப் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்தி விட்டோம். நாலு பேரிடம் அவரைப் பற்றிக் குறையாகவும் பேசினோம். இன்று அவர் சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். நமது தெருவிலேயே வேறொரு மண்டியில் சரக்கு எடுக்கிறார். நமது படி ஏறுவதில்லை. ஒரு மாதப் பணத்தை மிச்சம் பிடித்து, ஆண்டு முழுவதும் வரக்கூடிய ஒரு வாடிக்கையாளரை இழந்தோம். அவர் பொய் சொன்னது தவறுதான். ஆனால் "முடியாது" என்று சொல்ல நாம் அவருக்கு இடமே கொடுக்கவில்லை என்பது பின்னாளில்தான் நமக்குப் புரிந்தது.

சென்ற ஆண்டு வந்த தம்பியிடம் முடிவைச் சொல்லாமல், விருப்பத்தைக் கேட்டோம். ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் காலை, வியாபாரம் சூடு பிடிக்கும் முன் வந்து நின்றார். "அண்ணாச்சி, நீங்க என்னைக் கூப்பிட்டதே எனக்குப் பெருமை. ஆனா ஆடிட்டருக்குப் படிக்கணும்னு எனக்கு ஆசை. அரை மனசா இங்க இருந்தா உங்களுக்குத்தான் நஷ்டம். இந்த மாசம் முடிய வர்றேன். கணக்கெல்லாம் ஒப்படைச்சிட்டுப் போறேன்" என்றார். நமக்கு வருத்தம் இருந்தது; கோபம் வரவில்லை. சொன்னபடியே மாதக் கடைசி நாள் வரை வந்து, இருப்புச் சரக்கை மூட்டை மூட்டையாக எண்ணிக் கொடுத்து விட்டுத்தான் போனார்.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. பர்மாவில் தொழில் நடத்திய நகரத்தார் கடைகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து தொழில் பழகி மேலே வருவார்கள். சம்பளச் சீட்டு எழுதி, பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்கில் வேலை பார்ப்பார்கள். தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவார்கள். அதே கடைக்கு மறுபடி போவதும், வேறு கடைக்குப் போவதும் உண்டு. அப்படிப் பழகிச் சொந்தத் தொழில் தொடங்கியவர்களும் உண்டு.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி எடுக்கும் பழகுநரின் ஒப்பந்தத்தில், பயிற்சிக்குப் பின் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அவர் அதன்படி இருக்க வேண்டும். முதலாளியும் தக்க வேலை கொடுத்தாக வேண்டும். அந்த நிபந்தனை இல்லாதபோது அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே எதிர்பார்ப்பு ஏதும் இருந்தால் முதல் நாளே பேசி எழுதிக் கொள்வது இருவருக்கும் நல்லது.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். வேறு ஆள் மூலம் சொல்லி அனுப்பாமல், முதலாளியிடம் நேரில் சொல்லுங்கள். கடையில் கூட்டம் இருக்கும்போது வேண்டாம். முதலில் நன்றி, அடுத்து உண்மையான ஒரே காரணம், அது போதும். "பார்க்கலாம்" என்று இழுத்தால் அவர் வேறு ஆள் தேடாமல் காத்திருப்பார். பண்டிகை நேரத்தில் பாதியில் விட்டுப் போகாதீர்கள். சாவி, சிட்டை, வசூல் பணம் எல்லாவற்றையும் ஒப்படைத்து விட்டுப் போங்கள்.

வணிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை மறுத்து விட்டால், ஒரு முறை காரணம் கேளுங்கள். மறுமுறை வற்புறுத்த வேண்டாம். வேலை பார்த்த நாளுக்கு உரிய பணத்தையும் பயிற்சிச் சான்றிதழையும் இழுத்தடிக்காமல் கொடுங்கள்.

அந்தப் பழைய தம்பிக்குத் தர வேண்டிய ஒரு மாதப் பணம் இன்னும் நமது பாக்கியாகவே இருக்கிறது. வரும் ஆயுத பூஜைக்கு முன் அவர் கடைக்கு நாமே நேரில் சென்று கொடுத்து வர இருக்கிறோம். அவர் நம்மிடம் சரக்கு எடுப்பதும் எடுக்காததும் அவர் விருப்பம்.