மலை ஏறும் காருக்கு எதை முதலில் மாற்றுவது?

கொல்லிமலையில் காரவள்ளி அடிவாரத்தில் இருந்து சோளக்காடு போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. இறங்கும்போது பிரேக் மிதித்துக்கொண்டே வருவதால் முன்பக்கம் முழுவதும் அமுங்குகிறது. சமவெளிக் கார் பல வருடம் ஓடித் தேய்கிற புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் இங்கே சீக்கிரமே ஆட்டம் காண்பதற்குக் காரணம் இதுதான். செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ குடியிருந்து, நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் அடிக்கடி இறங்கி ஏறுகிறவர்களுக்கு இந்தச் செலவு தவிர்க்க முடியாதது. ஆனால் அதைக் குறைக்க முடியும்.

"சஸ்பென்ஷன் மொத்தமும் போச்சு சார், செட்டா மாத்திடலாம்" என்று பட்டறையில் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். எது போயிருக்கிறது என்று கண்ணால் காட்டச் சொல்லுங்கள். மேடு பள்ளத்தில் கேட்கும் 'தட தட' சத்தத்துக்குப் பயந்து நாலு ஷாக் அப்சார்பரையும் மாற்றியவர்கள் நிறையப் பேர். பல நேரம் அந்தச் சத்தம் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடில் இருந்து வருவது. மற்ற பாகங்களைப் பார்க்க அது விலை குறைந்த பாகம், மாற்றவும் அதிக நேரம் ஆகாது. ஆனால் பால் ஜாயின்ட் பெரிதாகச் சத்தமே போடாமல் தேய்ந்துகொண்டிருக்கும். அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். ஆகவே சத்தத்தைப் பார்த்துச் செலவு செய்யாமல் ஆபத்தைப் பார்த்துச் செலவு செய்யுங்கள்.

சோதனை எளிது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு பேரிங்கில். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது லூஸ் தெரிந்தால் டை ராடு எண்டைப் பாருங்கள். இவற்றில் ஆட்டம் தெரிந்துவிட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. அந்த வண்டியில் மலை இறங்கவே கூடாது.

அடுத்து லோயர் ஆர்ம் புஷ். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் சக்கரம் பின்னால் இழுபடுவதைத் தாங்குவது பெரும்பாலும் ஆர்மின் பின்பக்க புஷ்தான். கடப்பாரையை வைத்து நெம்பினால் ரப்பர் கிழிந்திருப்பது தெரியும். டயரின் உள்பக்க ஓரம் மட்டும் வழுக்கையாகியிருந்தாலும் இதன் மேல் சந்தேகப்படலாம். பல கார்களில் புஷ் மட்டும் தனியாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறையில் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை ஏற்றித் தருவார்கள். பால் ஜாயின்ட்டும் சேர்ந்து போயிருந்தால் முழு ஆர்மாக வாங்குவதே லாபம், ஏனென்றால் கழற்றி மாட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

இங்கே காசே செலவாகாத ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். புதிய புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும். வண்டியின் பாரம் சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகுதான் அந்த போல்ட்டுகளை இறுக்க வேண்டும். அவசரத்தில் பல இடங்களில் இதைச் செய்வதில்லை. பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள்.

ஷாக் அப்சார்பரில் லேசான ஈரப்பசை இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து கீழே சொட்டினால் போய்விட்டது என்று அர்த்தம். மாற்றும்போது முன்பக்கம் இரண்டும் அல்லது பின்பக்கம் இரண்டும் ஜோடியாக மாற்றுங்கள், நாலும் தேவையில்லை. ஸ்ட்ரட்டை வெளியே எடுத்துவிட்டால் மேலே உள்ள மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் ரப்பரையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பின்னால் தனியாகச் செய்தால் அதே கூலியை இரண்டு தடவை கொடுப்பீர்கள். காயில் ஸ்பிரிங் உடையவோ தொங்கவோ இல்லையென்றால் பழையதையே மாட்டலாம்.

கம்பெனி பெட்டிக்குத்தான் காசு கொடுக்க வேண்டும் என்பதில்லை. கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுப்பவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் கடைகளில் விற்கிறார்கள்: ஷாக் அப்சார்பரில் கேப்ரியல், டை ராடு எண்ட், பால் ஜாயின்ட்டில் சென்னை ரானே. பில் போட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதக் கணக்கில் விலை சொன்னால் கேளுங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய பாகங்களில் ரப்பரோ எண்ணெயோ உள்ள எதையும் தொடாதீர்கள். பழைய லோயர் ஆர்மும் வேண்டாம். விபத்தில் சிக்கிய வண்டியினுடையதாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத வளைவு அதில் இருக்கலாம்.

லோயர் ஆர்மோ டை ராடு எண்டோ ஸ்ட்ரட்டோ மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்தால் புது டயரையே பலி கொடுக்க வேண்டிவரும்.

பலாவும் வாழைத்தாரும் ஏற்றி இறக்கும் பிக்கப் வண்டிக்காரர்களுக்கு வேறு வழி இருக்கிறது. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. முழு செட் வாங்க வேண்டாம், உடைந்த பட்டையை மட்டும் மாற்றலாம். உடைந்த பட்டையை வெல்டு வைக்க மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சூட்டில் இரும்பின் பதம் போய், பாரம் ஏறியதும் வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். சென்டர் போல்ட்டையும் யூ போல்ட்டையும் புதிதாகப் போடுங்கள். பாரத்தோடு சில நாள் ஓடிய பிறகு யூ போல்ட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள், புதுப் பட்டை பாரத்தில் படிந்ததும் அவை கொஞ்சம் தளரும்.